ஆன்மிகக் கேள்வி பதில்: ஒழுங்காக வாழ்ந்தவனுக்கு ஏன் இந்த வெறுமை?

கேள்வி: அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். கை நீட்டிக் காசு வாங்கியதில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கரையேற்றிவிட்டேன். ஆனால் இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் ‘எதற்காக இதெல்லாம்?’ என்று தோன்றுகிறது. ஒழுக்கமாக வாழ்ந்தவனுக்கு இப்படி ஒரு வெறுமை வரலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக வரலாம். தப்பு செய்யாமல் இருப்பது ஒன்று, வாழ்க்கையில் ஒரு பிடிப்பு இருப்பது இன்னொன்று. முன்னது இருந்தால் பின்னது தானாக வந்துவிடும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரனைப் பாருங்கள். பிறந்ததும் தாய் போட்டுவிட்டுப் போன குழந்தை. ஏழு நாள் பசு பால் கொடுத்துக் காப்பாற்றியது. வளர்ந்து, வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்து விட்டதற்காக ஊரை விட்டே துரத்தப்பட்டான். மதுரையில் பிச்சை எடுத்தான். கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர் எல்லாரையும் கூப்பிட்டு ஊட்டிவிட்டு, மிச்சம் இருந்ததைத்தான் தான் சாப்பிட்டான். அவனுக்குச் சிந்தாதேவி கொடுத்ததுதான் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி.

அவன் புண்ணியத்தால் இந்திரனுடைய ஆசனமே ஆட்டம் கண்டது. கோலூன்றிய கிழ அந்தணனாக வந்து, ‘உன் தானத்துக்கு என்ன பலன் வேண்டும்?’ என்று கேட்டான். ஆபுத்திரன் விலா நோகச் சிரித்தான். ‘உங்கள் தேவலோகத்தில் தானம் செய்கிறவர் உண்டா? ஆதரவற்றவரைக் காப்பவர் உண்டா? பசித்தவர் முகம் மலர்வதைக் காட்டும் இந்தப் பாத்திரம் எனக்குப் போதும்’ என்கிற கருத்தில் பதில் சொன்னான். சொர்க்கத்தை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இந்திரனுக்குக் கோபம். ஆனால் அவன் கொடுத்த தண்டனை விசித்திரமானது. பாண்டிய நாட்டில் நல்ல மழை பெய்யவைத்தான். விளைச்சல் பெருகியது, பசி ஒழிந்தது. பாத்திரத்தோடு ஊர் ஊராக அலைந்தும் ‘சாப்பாடு வேண்டும்’ என்று கேட்க ஆளில்லை. ஆபுத்திரன் ஒடிந்துபோனான்.

இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் ஒரு சின்ன வருத்தம் உண்டு. ஊரில் பசி இல்லை என்றால் அன்னம் இடுகிறவன் சந்தோஷப்பட வேண்டாமா? நமக்கு ஒரு வேலை இருக்கவேண்டும் என்பதற்காக நாலு பேர் பட்டினி கிடக்க முடியுமா? உங்கள் பிள்ளைகளுக்கு இன்று நீங்கள் தேவைப்படவில்லை என்றால், நீங்கள் எடுத்த காரியம் முடிந்தது என்று அர்த்தம். அதைத் தோல்வி மாதிரி சுமக்காதீர்கள்.

ஆபுத்திரனும் அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. சாவக நாட்டில் மழை பொய்த்து உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னதும், அங்கே போகக் கப்பல் ஏறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனைத் தெரியாமல் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு. கையில் வற்றாத பாத்திரம். தான் ஒருவன் மட்டும் தின்று காலமெல்லாம் வாழ்ந்திருக்கலாம். மனம் வரவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறந்தான்.

அந்த முடிவை உங்களுக்குச் சொல்ல வரவில்லை. கப்பல் ஏறினானே, அதைத்தான் சொல்கிறேன். நாற்பது வருஷம் கோப்பு பார்த்தவர் நீங்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாமல் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பேனாவோடு போய்ப் பாருங்கள்.

கேள்வி: ‘கடவுளும் இல்லை, மறுபிறவியும் இல்லை என்றால் எதற்காக நல்லவனாக இருக்க வேண்டும்?’ என்று கேட்கிறான் என் மகன். என்ன பதில் சொல்வது?
– வாசகி, கோவை

பதில்: மகனைத் திட்டாதீர்கள், பழைய கேள்விதான். அதே காப்பியத்தில், வஞ்சி மாநகரில் கதைநாயகி மணிமேகலையிடம் பூதவாதி ஒருவன், இன்பமும் துன்பமும் இந்தப் பிறவியோடு தீர்ந்துவிடும் என்று வாதிட்டான். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்றவனிடம், ‘உன் தாய் தந்தையை எப்படி அறிந்தாய்?’ என்று திருப்பிக் கேட்டாள் அவள். சாமர்த்தியமான பதில். ஆனால் உங்கள் மகனுக்கு அது போதாது.

புறநானூற்றில் வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், மறுமையில் பலன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறம் செய்கிற வியாபாரி அல்லன் அவன் என்கிறார். சான்றோர் போன வழி என்பதால் கொடுத்தானாம். சிசிடிவி கேமராவுக்குப் பயந்து திருடாதவனை நாம் நல்லவன் என்போமா? நரகத்துக்குப் பயந்த அறமும் அப்படித்தான். மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: செஞ்சோற்றுக் கடனுக்காக உயிர்விட்ட கும்பகர்ணன் வாழ்க்கை அர்த்தமுள்ளதுதானே?
– வாசகர், காரைக்குடி

பதில்: பட்டிமன்றத்துக்குப் பேர்போன ஊர்க்காரர் கேட்கிறீர்கள்! அர்த்தமுள்ளதுதான். ஆனால் சரியானது என்று சொல்லமாட்டேன். சீதையை விட்டுவிடு என்று அண்ணனிடம் சொன்னவன் அவனே. போர்க்களத்தில் தம்பி வீடணன் வந்து ராமன் பக்கம் அழைத்தபோதும் நன்றியை விடாமல் மறுத்தான். கம்பன் அந்த இடத்தை எழுதியிருக்கும் அழகில் நாமும் கண் கலங்கி அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். அந்த நன்றியால் ராவணனுக்கு ஒரு தளபதி கிடைத்தான். கும்பகர்ணனுக்குப் பேர் கிடைத்தது. அசோகவனத்தில் அழுதுகொண்டிருந்தவளுக்கு என்ன கிடைத்தது? என்னை நடுவராக உட்காரவைத்தால் தீர்ப்பு வீடணனுக்குத்தான்.