வில்லாளியின் சவாலும் வாத்தின் வலியும்

எளிதாகக் கொல்லும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கடினமான கருவியைத் தேடி எடுப்பது வேட்டைக்காரரின் பெருந்தன்மையா, அவருடைய தற்பெருமையா? வட அமெரிக்காவில் இலையுதிர் காலம் தொடங்கி, கனடா வாத்துகள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே இறங்கும்போது இந்தக் கேள்வி எழுகிறது. வாத்து வேட்டைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ரவை சிதறும் ஷாட்கன் துப்பாக்கியோடு போகிறார்கள். சிலர் மட்டும் வில்லும் அம்பும் எடுத்துச் செல்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது. அறம் இடம் தருமா என்பதே இங்கே ஆராய வேண்டியது.

எவ்வுயிரையும் கொல்லலாகாது என்ற நெறியில் நிற்பவருக்கு இதில் ஆராய எதுவுமில்லை. அவர் முடிவு முன்பே தெளிவானது. ஆனால் கோழியும் மீனும் உண்கிறவர்கள் வேட்டையை மட்டும் பாவம் என்று சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. பண்ணைக்குள் அடைந்து வாழ்ந்து சில வாரங்களில் அறுபடும் கோழியைவிட, விரிந்த வானில் வாழ்ந்து ஒரு நொடியில் வீழும் காட்டு வாத்து நல்ல வாழ்வு வாழ்ந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த ‘ஒரு நொடியில்’ என்பது உண்மையாக இருக்க வேண்டும். உணவுக்காக ஓர் உயிரை எடுப்பவர் அதற்குச் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடன், விரைவான சாவு.

முதலில் சட்டம் எதைக் காக்கிறது என்று பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் சந்தைக்காக நடந்த கட்டற்ற வேட்டை அமெரிக்கப் பறவைகளைச் சூறையாடியது. கோடிக்கணக்கில் பறந்த பயணிப் புறாக்களின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் இறந்தது. 1916இல், கனடாவின் சார்பில் பிரிட்டனும் அமெரிக்காவும் வலசைப் பறவைகளைக் காக்க ஒப்பந்தம் செய்தன. அதை நிறைவேற்ற 1918இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1934 முதல் நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் ‘டக் ஸ்டாம்ப்’ எனும் முத்திரையை வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஈரநிலங்களை வாங்கிப் பாதுகாக்கச் செலவாகிறது.

விதிகள் விரிவானவை. வேட்டைப் பருவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை பறவை எடுக்கலாம் என்று வரம்பு உண்டு. ரைஃபிள் கூடாது. தானியம் தூவி வரவழைக்கக் கூடாது. உயிருள்ள வாத்தைப் பார்வைப் பறவையாக வைத்துப் பிற வாத்துகளை ஏமாற்றக் கூடாது. பொம்மை வாத்துகளை வைக்கலாம். விலக்கப்பட்ட முறைகளின் பட்டியலில் வில் இல்லை. ஆகவே மத்திய விதிப்படி அது செல்லும்.

இந்த விதிகள் பெரும் பயன் தந்தன. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட பெருங்கனடா வாத்துத் துணையினம் 1962இல் மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் மீண்டும் அடையாளம் காணப்பட்டது. இன்று அது பூங்காக்களிலும் கோல்ஃப் மைதானங்களிலும் தொல்லை என்று புகார் வருமளவு பெருகிவிட்டது. ஆனால் சட்டத்தின் கண் எண்ணிக்கையின் மேல்தான் இருக்கிறது. பனி வாத்துகள் அளவுமீறிப் பெருகி, ஹட்சன் விரிகுடாவை ஒட்டிய நிலங்களில் புற்களை வேரோடு பறித்துத் தின்று பாழாக்கியபோது, 1999இல் அவற்றின் வேட்டைக்கான கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வேறு வேட்டையில் விலக்கப்பட்ட மின்னணு ஒலிக்கருவியைக்கூட அதற்கெனத் திறந்த சிறப்புக் காலத்தில் பயன்படுத்தலாம் என்றானது. இனத்தைக் காக்கும் சட்டத்துக்கு இது பொருந்தும். ஒரு தனி வாத்து எப்படிச் சாகிறது என்பதைப் பற்றி அதே சட்டம் அதிகம் பேசுவதில்லை. அடித்த பறவையைத் தேடி எடுக்க நேர்மையாக முயல வேண்டும் என்ற விதிதான் அதற்கு மிக அருகில் வருகிறது. சட்டம் பேசாமல் விட்ட இடத்தில்தான் வேட்டைக்காரரின் மனச்சாட்சி பேச வேண்டும்.

இனி வில்லுக்கு வருவோம். இன்று பலர் பயன்படுத்தும் கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு 1969இல் அமெரிக்கரான ஹோலஸ் வில்பர் ஆலன் காப்புரிமை பெற்றார். நாணை முழுதும் இழுத்த பின் கையில் தாங்க வேண்டிய பாரம் வெகுவாகக் குறையும், நிதானமாகக் குறிபார்க்கலாம். கூர்மையான அகன்ற அலகுகள் கொண்ட அம்புமுனை, பெரிய இரத்தக்குழாய்களை அறுத்துக் கொல்கிறது. சரியான இடத்தில் பட்டால் சாவு விரைவில் வரும். அந்தச் சரியான இடம் எவ்வளவு? நின்றுகொண்டிருக்கும் கனடா வாத்து பார்வைக்குப் பெரிய பறவை. ஆனால் இறகையும் மென்தூவியையும் மடித்த சிறகையும் கழித்துப் பார்த்தால், இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு கைப்பிடியளவுதான். வாத்து கழுத்தை ஆட்டும், திரும்பும், ஓரடி வைக்கும். நாண் ஒலி கேட்டுத் துள்ளும்.

பறக்கும் வாத்தின் மீது எய்பவர்களும் உண்டு. அதற்கென்று பெரிய சுருள் இறகுகள் கட்டிய அம்பு இருக்கிறது. குறி தவறினால் அம்பு வெகுதூரம் போய் யார்மேலும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, அந்த இறகுகள் காற்றைப் பிடித்து வேகத்தைச் சீக்கிரம் குறைக்கின்றன. மனிதருக்குப் பாதுகாப்பு தரும் அதே இறகு, அம்பு போகப்போக அதன் ஊடுருவும் வலிமையையும் கெடுக்கிறது. சிறகிலோ வயிற்றிலோ அம்பு பட்ட வாத்து உடனே சாகாது. நீருக்கு அப்பால், நாணலுக்குள் போய் இறங்கி, நாய்க்கும் அகப்படாமல், பல மணி நேரமோ பல நாளோ கழித்துச் சாகலாம். கனடா வாத்துகள் நெடுங்காலத் துணையோடு வாழ்பவை. குஞ்சுகள் முதல் குளிர்காலம் முழுதும் பெற்றோருடன் சேர்ந்தே இருக்கும். அந்த அம்பு ஒரு குடும்பத்தைத் தொடுகிறது.

வில்லாளிகளின் வாதங்களை மதித்துக் கேட்க வேண்டும். வில் வேட்டையில் பறவைக்குத் தப்பிக்க வாய்ப்பு அதிகம். அதனால் அது நேர்மையானது என்கிறார்கள். ஈயக் குண்டுகளை நீரில் கொட்டுவதில்லை என்கிறார்கள். துப்பாக்கி வெடிக்க முடியாத ஊர்ப்புறங்களில் பெருகிவிட்ட வாத்துகளைக் குறைக்க வில்தான் வழி என்கிறார்கள்.

ஈயம் பற்றிய வாதத்துக்கு இன்று வலு இல்லை. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை 1991 முதல் அமெரிக்கா முழுதும் தடை செய்யப்பட்டுவிட்டது. பெருக்கத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், கூட்டிலுள்ள முட்டைகள் மேல் சோள எண்ணெய் பூசிப் பொரிக்காமல் செய்யும் முறையை அரசே அனுமதிக்கிறது. வளர்ந்த பறவை எதுவும் அதில் வலியால் துடிப்பதில்லை.

நேர்மை என்ற வாதம்தான் கனமானது. ஆனால் அது இரண்டு வேறு வாய்ப்புகளைக் குழப்புகிறது. அம்பு முற்றிலும் தவறிப் பறவை தப்பிப் பறந்தால் அது நேர்மையான வாய்ப்பு. அம்பு பாதி பட்டுப் பறவை உடலில் இரும்போடு பறந்தால் அதை வாய்ப்பு என்று யாரும் சொல்ல முடியாது. கருவியைக் கடினமாக்கிக்கொள்ளும் வேட்டைக்காரர் தாம் ஒரு சுமையைத் தூக்குவதாக நினைக்கிறார். ஆனால் அவர் தோற்கும்போது தண்டனை அனுபவிப்பது வாத்து. பிறர் உடலில் வலியாக விழும் சவாலை வீரம் என்று கொண்டாடுவது தகாது.

கனடாவின் ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியில் வாழும் க்ரீ பழங்குடி மக்களை இங்கே நினைக்கலாம். வசந்தத்தில் வாத்துகள் திரும்பி வரும்போது பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, குடும்பத்தோடு வேட்டைக்குப் போகிறவர்கள் அவர்கள். முன்னோர் வில்லேந்தியவர்கள்தாம், இன்று அவர்கள் கையில் இருப்பது துப்பாக்கி. வாத்து உணவாகவும் வாழ்வாகவும் இருக்கிறவர்கள் உறுதியாக வீழ்த்தும் கருவியைத் தேர்ந்திருக்கிறார்கள். பிரிட்டனோ 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தில், காட்டுப் பறவைகளை வில்லாலும் குறுக்குவில்லாலும் கொல்வதையே விலக்கியது.

துப்பாக்கியும் குற்றமற்றது அன்று. எட்டாத தூரத்தில் ரவை வீசிக் காயப்படுத்தும் வேட்டைக்காரர் வில்லாளியைக் குறைசொல்லத் தகுதியற்றவர். அளவுகோல் கருவி அன்று. அதைப் பிடித்த கை எவ்வளவு தூரத்தில் எவ்வளவு உறுதியாகக் கொல்லும் என்பதே.

அந்த அளவுகோலின்படி தீர்ப்பு இது. பறக்கும் வாத்தின் மீது அம்பு எய்வது, சட்டம் விட்டாலும், அறத்துக்குப் புறம்பானது. தரையிலோ நீரிலோ அசையாமல் நிற்கும் பறவையை, பயிற்சிக் களத்தில் கைப்பிடியளவு குறியைத் தவறாமல் அடிக்கும் தூரத்துக்குள் மட்டும், உணவுக்காக எய்யலாம்; தேடி எடுக்க நாயும் பொறுமையும் உடனிருக்க வேண்டும். வில்லுக்கு அனுமதி தரும் அரசுகள் அந்தத் திறமையைத் தேர்வு வைத்துச் சோதித்த பிறகே உரிமம் தர வேண்டும். அவ்வளவு உறுதி இல்லாத வில்லாளி தம் சவாலை வைக்கோல் இலக்கோடு நிறுத்திக்கொள்ளட்டும். அங்கே அவர் எத்தனை முறை தவறினாலும் எந்த உயிரும் அதற்கு விலை கொடுக்காது.