கட்டாயப் பாடமாய் மனிதம்

பிரான்சில் மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளை, உயிரிரசாயனத்தோடும் பௌதிகத்தோடும் சேர்த்து மனிதத்தையும் படித்து, அதில் பரீட்சையும் எழுதியாக வேண்டும். இது பகிடியல்ல. 2010 இலிருந்து 2020 வரை மருத்துவம், பல்மருத்துவம், மருந்தாளர் படிப்பு, மருத்துவிச்சிப் படிப்பு ஆகிய நான்குக்கும் பொதுவாக இருந்த முதலாம் ஆண்டுக்கு 'பாசெஸ்' என்று பெயர். அதில் ஏழாவது அலகின் தலைப்பு 'ஆரோக்கியம், சமூகம், மனிதம்'. ஆண்டு முழுவதற்குமான 60 அலகுப்புள்ளிகளில் இதற்கு 8. உடலின் அமைப்பைப் படிப்பிக்கிற ஐந்தாவது அலகுக்கு 4. கணக்கின்படி எலும்புக்கும் நரம்புக்கும் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு மரியாதை மனிதத்துக்கு. 2020 இல் அந்த ஆண்டு இரண்டாகப் பிரிந்து 'பாஸ்', 'லாஸ்' என்று புதுப்பெயர்கள் வந்தன. (எங்கள் பெற்றோருக்கு இந்தப் பெயர்களே காணும்: ஒன்று சித்தி, மற்றது நட்டம்!) பெயர்கள் மாறினாலும் மனித, சமூக விஞ்ஞானப் பாடம் போகவில்லை.

அகதிகளாய் வந்து உணவகக் குசினிகளில் நிற்கிற எங்களுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். எங்கள் பிள்ளைகள் அந்த விரிவுரை மண்டபங்களுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் இன்னும் கிட்டத்திலுள்ளது. அந்தப் பாடத்தைப் படித்து வெளியே வருகிற வைத்தியருக்கு முன்னால், மொழி தெரியாமல், பத்திரம் சரியில்லாமல், உடுப்பைக் கழற்றிக்கொண்டு இருக்கப் போகிறவர்கள் நாங்கள். அந்தப் பாடம் வேலை செய்கிறதா இல்லையா என்பது எங்கள் உடம்பில்தான் தெரியவரும்.

ஒருவரைக் கட்டாயப்படுத்தி மனிதராக்க முடியுமா?

முடியாது என்று சொல்லத் தூண்டுகிற காட்சிகள் நிறைய உண்டு. எங்களோடு வேலைசெய்கிற அண்ணர் ஒருவரின் மகள் 'பாஸ்' படிக்கிறாள். பின்னேரம் மூன்று மணிக்கு மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து, நாங்கள் வெங்காய மூட்டைகளில் சாய்ந்திருக்கிற நேரம், பின்பக்க மேசையில் வந்திருந்து படிப்பாள். வீட்டில் தம்பிமாரின் சத்தம். ஒருநாள் அவள் பாடமாக்கிக்கொண்டிருந்தது பரிவு, இரக்கம், ஒத்துணர்வு என்ற மூன்றுக்கும் இடையிலான வேறுபாட்டை. "இதில ஒரு புள்ளி பிழைச்சால் நூறு பேர் என்னைத் தாண்டிப் போயிடுவினம், சித்தப்பா" என்றாள். 'பாஸ்' ஆண்டைத் திரும்பப் படிக்கவும் விடமாட்டார்கள், ஒரே தரம்தான். பக்கத்தில் இருக்கிறவனுக்குக் காய்ச்சல் என்றால் மனதின் ஒரு மூலை சந்தோசப்படுகிற ஏற்பாட்டுக்குள்ளே இருந்துகொண்டு, ஒத்துணர்வின் வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நோயாளியின் கண்ணியம் என்பது பல இடங்களில் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து கட்டங்களாகி, அதற்குள் புள்ளடி போடுகிற விடயமாகிவிடுகிறது. 1971 இல் கொண்டுவரப்பட்ட, எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம் என்கிற எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை 2019 இன் சட்டம் நீக்கியதாகச் சொல்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழகங்களில் இடங்களுக்கு எல்லை இருக்கிறவரை போட்டி போட்டிதான்.

அவள் அந்த மூன்று சொற்களுக்கும் தமிழ் கேட்டாள். புத்தகத் தமிழில் சொன்னோம். எங்கள் வீடுகளில் இதற்கெல்லாம் சேர்த்து 'மனம் பொறுக்கேல்லை' என்பதுதான் சொல்.

கோப்பை கழுவுகிற எங்கள் நண்பர் ஒருவருக்கு இதில் சந்தேகமே இல்லை. "மனுசத்தன்மை தாய்ப்பாலோட வரவேணும். பள்ளிக்கூடத்தில வாங்கேலாது" என்பார். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் எமக்கு இந்த வாதத்தில் பயம் உண்டு. குணம் பிறப்போடு வருவது, படிப்பித்து வராது என்று எங்கள் ஊர்களில் யார், யாரைப் பார்த்து, எதற்காகச் சொன்னார்கள் என்பது இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் கேட்ட அதே வாதம். பிறப்பால் வருவது என்று விட்டுவிட்டால், பிறகு யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

குசினியிலிருந்தே ஓர் உதாரணம். 2012 ஒக்ரோபரிலிருந்து பிரான்சின் ஒவ்வொரு உணவகத்திலும் குறைந்தது ஒருவராவது உணவுச் சுகாதாரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். 14 மணித்தியாலப் பயிற்சி. சூடாய் வைத்திருக்கிற உணவு 63 பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது போன்றவை அதில் வரும். அந்த 14 மணித்தியாலம் யாரையும் நேர்மையான சமையற்காரன் ஆக்கியதை நாங்கள் காணவில்லை. பழைய கறியை எறிகிற பழக்கம் வேறெங்கோ இருந்து வருகிறது. பெரும்பாலும் முதல் வேலைபழக்கின ஆளிடமிருந்து. ஆனாலும் அந்தப் பயிற்சி ஒன்றைச் செய்துவிட்டது. 'எனக்குத் தெரியாது' என்ற சொல்லை முதலாளியின் வாயிலிருந்து பிடுங்கிவிட்டது. 'இது சட்டத்துக்கு விரோதம், முதலாளி' என்று கையாலாகாத ஒருவனும் சொல்ல ஒரு பிடி கிடைத்தது. சொன்னால் வேலை போகலாம் என்பது வேறு கதை.

மருத்துவ மாணவரின் கட்டாயப் பாடத்தையும் முதலில் இப்படித்தான் பார்க்கிறோம். நோயாளிக்கு விளக்கம் சொல்ல வேண்டும், அவருடைய சம்மதத்தோடுதான் எதையும் செய்ய வேண்டும் என்று 2002 மார்ச் 4 ஆம் திகதிச் சட்டம் இந்த நாட்டில் சொல்கிறது. அதைப் பரீட்சைக்காகவேனும் படித்த வைத்தியர், பத்து வருடத்தின் பின் எங்களிடம் ஒரு தாளை நீட்டி 'இதில் கையெழுத்து வை' என்று மட்டும் சொல்கிறபோது, தான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தே செய்கிறார். அன்பு வராமல் போகலாம். ஆனால் தெரியாத்தனம் என்ற ஒளிப்பிடம் இல்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் வசதியாயிருக்கும். சரித்திரம் விடாது.

மருத்துவ அறத்தைக் கட்டாயப் பாடமாய் ஒரு முழு நாட்டுக்குமே புகுத்திய அரசுகளில் ஒன்று ஹிட்லரின் ஜேர்மனி. 1939 இலிருந்து அங்கே மருத்துவ மாணவர்கள் எல்லோரும் 'மருத்துவச் சட்டமும் தொழிற்கடமையும்' என்ற பாடத்தைப் படிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பாடப்புத்தகம் எழுதியவர் ருடோல்ஃப் ராம். 1942 இல் வெளிவந்தது. அதாவது அந்த வைத்தியர்கள் அறத்தைப் படிக்காமல் கெட்டுப்போனவர்களல்லர். படித்தார்கள். தனிமனிதனின் உடலுக்கு முன்னால் இனத்தின் உடல் வருகிறது, அதைச் சுத்தமாய் வைத்திருப்பதே வைத்தியரின் உயர்ந்த கடமை என்று படித்தார்கள். அதற்கு முன்பே, 1931 இல், மனிதரில் புதிய சிகிச்சைகளைச் சோதிப்பதற்கு அவர்களுடைய சம்மதம் வேண்டும் என்ற விதிமுறைகளை வெளியிட்டிருந்ததும் அதே நாடுதான். விதி இருந்தது, பாடம் இருந்தது, முகாம்களும் இருந்தன.

1943 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். போர் தொடங்கியபோது ஸ்திராஸ்பூர்க் பல்கலைக்கழகம் தன் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து கிளெர்மோன்-ஃபெரோனில் இயங்கிக்கொண்டிருந்தது. (பல்கலைக்கழகங்களும் அகதியாகும்.) அந்த அகதிப் பல்கலைக்கழகத்தில்தான் ஜோர்ஜ் கங்கிலெம் என்ற தத்துவ ஆசிரியர், இயல்பானது எது நோய் எது என்பது பற்றித் தன் மருத்துவ ஆய்வை 1943 இல் சமர்ப்பித்தார். ஆய்வுகூடம் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்னம் ஒரு மனிதன் தனக்குச் சுகமில்லை என்று உணர்ந்திருக்கிறான். அந்த உணர்விலிருந்துதான் மருத்துவம் தொடங்குகிறது என்பது அவர் கட்சி. இன்றைக்கு இந்த நாட்டின் மருத்துவ மாணவர்களுக்கு மனித விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் திரும்பத் திரும்பப் போகிற இடங்களில் இதுவும் ஒன்று. மருத்துவப் பார்வை பற்றி 1963 இல் எழுதிய ஃபூக்கோவும் இவருக்குக் கடன்பட்டவர். ஃபூக்கோ பெயர் வராத கட்டுரைக்கு எங்கள் சஞ்சிகைகளில் மதிப்பில்லை என்பதால் அதையும் சொல்லிவைக்கிறோம்.

அதே 1943 இல், காலியான ஸ்திராஸ்பூர்க்கில் நாசிகள் நிறுவிய பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் பேராசிரியர் ஒகுஸ்ட் ஹிர்ட். யூத எலும்புக்கூடுகளின் சேகரிப்பு ஒன்று வேண்டும் என்பதற்காக, அவுஸ்விட்ஸ் முகாமில் தெரிந்தெடுக்கப்பட்ட 86 ஆண்களும் பெண்களும் அந்த ஓகஸ்டில் நாட்ஸ்வைலர்-ஸ்ட்ருத்ஹோஃப் முகாமில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டு, அவர்களின் உடல்கள் அவருடைய பீடத்துக்கு அனுப்பப்பட்டன. அவர்களின் உடற்பாகங்கள் சில, 2015 இல்கூட, ஸ்திராஸ்பூர்க்கின் சட்ட மருத்துவக் கூடத்தில் சாடிகளுக்குள் இருந்து கண்டெடுக்கப்பட்டன. இத்தனை காலமும் பக்கத்து மண்டபங்களில் மாணவர்கள் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு பாடம் கட்டாயமா இல்லையா என்பதைவிட, அந்தப் பாடத்தில் 'மனிதர்' என்ற சொல்லுக்குள் யார் யார் வருகிறார்கள் என்பதை யார் தீர்மானிக்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இனத்தின் உடல், அதிலே அழுகிய பாகம், வெட்டி எறிதல்... இந்த மொழி எங்களுக்கு அந்நியமானதா? எங்களை அழிக்க வந்தவர்கள் பேசியதை நாங்கள் மறக்கவில்லை. எங்களுக்குள்ளேயே 'களையெடுப்பு' என்று பேசியதையும் மறக்கத் தேவையில்லை. அதைப் பேசியவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள்.

உடற்கூற்றியல் என்றதும் எங்களுக்கு வேறொருவரும் நினைவுக்கு வருகிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978 இல் தொடங்கியது. அதன் உடற்கூற்றியல்துறைத் தலைவராக இருந்தவர் ராஜினி திரணகம. பிரித்தானியாவிலேயே இருந்திருக்கலாம், திரும்பி வந்தார். காலையில் மாணவர்களுக்குத் தசையும் நரம்பும் படிப்பித்தார். இந்திய இராணுவத்தின் காலத்தில் பெண்களுக்கு நேர்ந்தவற்றை அவர்களுடைய வாயாலேயே கேட்டு எழுதினார். பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை'யில் அவை இருக்கின்றன. 1989 செப்டெம்பர் 21 இல், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்புகிற வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது வயது 35. எங்களில் பலருக்கு இப்போது அந்த வயது.

ஹிர்ட்டும் அவரும் படிப்பித்தது ஒரே பாடம். தொடையெலும்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ராஜினியின் பாடத்திட்டத்தில் எந்த அலகில் அந்தத் துணிச்சல் இருந்தது என்று யாராலும் காட்ட முடியாது. ஆனால் அவரிடம் உடற்கூற்றியல் படித்த மாணவர்கள், தங்களுக்கு முன்னால் நின்று எலும்பைக் காட்டுகிறவர் பின்னேரம் எங்கே போகிறார், யாரிடம் கதைக்கிறார் என்பதையும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்?

அப்படியானால் இந்தக் கட்டாயப் பாடம் வேண்டாமா? வேண்டும் என்றுதான் சொல்கிறோம். விருப்பப் பாடமாக்கினால் அதை விரும்புகிறவர்களே எடுப்பார்கள். அவர்களால் எங்களுக்கு எப்போதும் பெரிய ஆபத்து இருந்ததில்லை. ஆனால் நாங்கள் அதில் ஓர் அத்தியாயமாய் மட்டும் வருவதில் உடன்பாடில்லை. 'குடியேறிகளும் ஆரோக்கியமும்' என்ற தலைப்பில் எங்களைப் பற்றிச் சொல்லப்படுவதற்கும், எங்களில் ஒருவர் அந்த மண்டபத்தில் நின்று, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டாவது, தன் நோயைத் தானே சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். சித்திரவதைக்குட்பட்டவர்களுக்காக 1995 இல் பாரிசில் தொடங்கப்பட்ட பிரிமோ லெவி நிலையத்தில் மொழிபெயர்ப்பாளரும் சிகிச்சையின் ஒரு பகுதி. அங்கே ஓர் அமர்வு எப்படி நடக்கிறது என்று தெரியாமல் ஒரு மாணவர் வைத்தியராகலாம் என்பது எமக்குச் சரியாகப் படவில்லை.

மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாய்க்குக் கர்ப்பப்பையில் வருத்தம். பத்து வயது மகன் நடுவில் இருந்து மொழிபெயர்க்கிறான். அவனுக்குச் சொல்லக்கூடாததைத் தாய் விழுங்குகிறாள். மிச்சத்தை அவன் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்கிறான். நோகுது, உளையுது, குத்துது, கடுக்குது, எரியுது, விறைக்குது, நெஞ்சை அடைக்குது - எல்லாமே அவன் வாயில் 'மால்' என்ற ஒரே சொல்லாகி வைத்தியரின் கணினிக்குள் போகின்றன. கங்கிலெம் சொன்ன அந்த முதல் உணர்வு அங்கேயே தொலைந்துவிடுகிறது.

அண்ணரின் மகள் இப்போது ஒரு கொப்பியில் இந்தச் சொற்களை எழுதிவருகிறாள். பரீட்சைக்கு வராது என்று அவளுக்குத் தெரியும். போன கிழமை 'உளைவு'க்கும் 'கடுப்பு'க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். குசினியில் நின்ற மூன்று பேரும் மூன்று விதமாய்ச் சொன்னோம். மூன்றையும் எழுதிக்கொண்டாள்.