எடை போடாத பூ

எங்கள் தாமானில் தமிழர் வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரு சட்டம் புலப்படும். எந்தச் செடியும் காரணமில்லாமல் நிற்காது. கறிவேப்பிலை ரசத்துக்கு, முருங்கை கீரைக்கு, பாண்டான் நெய்ச்சோற்றுக்கு. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் சாமிப் படத்துக்குப் போகும், மல்லிகை தலைக்கு. பூவாகவே பிறந்தாலும் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். காகிதப்பூ இருக்கிறதே என்று யாராவது மடக்கலாம். அது வேலிக்கு, முள் இருப்பதால் உள்ளே வந்தது.

அந்தச் சட்டத்தை மீறி, ஜொகூரின் குளுவாங்கில் என் வீட்டு வாசலில் சூரியகாந்தி நிற்கிறது. எண்ணெய்க்கான ரகம் இல்லை, அலங்கார ரகம். சாமிக்கு வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. தலையில் வைத்தால் கழுத்துதான் வலிக்கும்.

"இத வச்சி என்னாடா செய்யப் போற?" என்று அம்மா கேட்டார். கேள்வியில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "சும்மா, பாக்கத்தான்" என்றேன். பதில் எனக்கே ஒல்லியாகப் பட்டது.

அம்மாவின் கேள்விக்குப் பின்னால் இரண்டு தலைமுறை நிற்கிறது. தாத்தா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, பிறகு அவருடைய நிரை, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கிப் போவது. அங்கே கிராணி பாலை அளப்பார். அதோடு விடமாட்டார், மெட்ரோலாக்கை உள்ளே மிதக்கவிட்டு, இதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். மரத்தை எவ்வளவு பதமாக, பட்டைக்கு உள்ளே காயம் படாமல் வெட்டினார் என்பது கிராணியின் புத்தகத்தில் ஏறாது. ஏறுவது எடை மட்டும்.

அம்மா செம்பனைக் காலத்து ஆள். செம்பனையில் ஆண் பூங்கொத்து தனி, பெண் பூங்கொத்து தனி. ஒரே மரம்தான் இரண்டையும் விடும், ஆனால் மாறி மாறி விடுவதால் தன் மகரந்தம் தனக்கு உதவுவது அரிது. பெண் பூ மகரந்தம் ஏற்கும் நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். ஆகவே ஆண் பூவிலிருந்து தூளை உதிர்த்துச் சலித்து, டால்கம் பவுடரோடு கலந்து, அமுக்கினால் பீய்ச்சும் குடுவையில் அடைத்துக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள். மட்டைகளின் முள்ளை ஒதுக்கிப் பெண் பூ எது என்று தேடி அதில் தூளை அடிக்க வேண்டும். பல தோட்டங்களில் இது பெண்களின் வேலையாக இருந்தது. அம்மாவும் இளம் வயதில் இதைத்தான் செய்தார். பூவைத் தேடித் தேடிப் பார்ப்பதற்கே கூலி வாங்கியவர் அவர். நான் சும்மா பார்ப்பதற்குப் பூ வளர்க்கிறேன் என்றால் விளங்காதது இயல்புதான்.

அந்த வேலை போன கதையும் குளுவாங்கில் இருந்தே தொடங்குகிறது. ஆப்பிரிக்காவில் செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது காற்று மட்டுமல்ல, ஒரு சிறு கூன்வண்டு என்று ஆர். ஏ. சையத் என்ற பூச்சியியலாளர் கண்டறிந்தார். கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த வண்டை 1981 பிப்ரவரியில் இங்குள்ள பாமோல் தோட்டத்தில் திறந்துவிட்டார்கள். ஆண் பூ சோம்பு மணம் வீசும்; வண்டு அதில்தான் தின்று, முட்டையிட்டுப் பெருகும். பெண் பூவும் அதே மணத்தை வீசி வண்டை வரவழைக்கிறது. வந்த வண்டு மகரந்தத்தை உதறிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறது. கொஞ்ச காலத்தில் வண்டு நாடு முழுக்கப் பரவியது. குலைகளில் காய்ப்பிடிப்பு கூடியது. தூள் அடிக்க ஆள் தேவைப்படவில்லை. அம்மாவை உதிரிப்பழம் பொறுக்க அனுப்பினார்கள். அதற்கும் எடைதான்.

அலங்காரப் பூ நம்மவர்களுக்குத் தெரியாதது என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. துரை பங்களாவைச் சுற்றிக் கல்வாழையும் இன்னும் பெயர் தெரியாத பூக்களும் இருந்ததை அம்மா சொல்வார். மண் கொத்தியதும் நீர் விட்டதும் லயத்து ஆட்கள். பார்க்க மட்டுமே பூ வளர்ப்பதை நாம் நன்றாகச் செய்திருக்கிறோம், வேறொருவர் பார்ப்பதற்காக. இந்த நினைப்புத்தான் என் ஒல்லியான பதிலுக்குக் கொஞ்சம் சதை போட்டது. பயனில்லாத ஒன்றை வளர்க்கும் உரிமையும் பிந்திக் கையில் வரும் சொத்துகளில் ஒன்று. நிலம், வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் வந்து, கடைசியில்தான் இது வரும். வந்த பிறகும் கை கூசுகிறது. நான்கு சாண் மண் கிடைத்தால் மிளகாயை நடு என்றுதான் உடம்பு சொல்கிறது.

விதைப் பொட்டலத்தில் கடைசி உறைபனி நீங்கிய பிறகு விதைக்கச் சொல்லியிருந்தது. ஜொகூரில் உறைபனி ஐஸ்பெட்டியில்தான் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது மழை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை விதையை அழுகவிடும். அது ஓய்ந்த பிறகு போட்டால் நல்லது. பிடுங்கி நட்டால் ஆணிவேர் கோபித்துக்கொள்ளும் என்பதால் நேராகத் தரையிலேயே, ஒரு விரல்கணு ஆழத்தில் விதைத்தேன். தாமான் மண் மண்ணே இல்லை, வீடு கட்ட அமுக்கிப் போட்ட செம்மண். அதைக் கொத்தி மக்கு உரம் கலக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்துக்குள் முளைத்தன. இரண்டு இலை விட்டதும் இரவில் ஆப்பிரிக்க நத்தைகள் வந்து தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன.

பொட்டலம் சொன்ன உயரத்தை மட்டும் செடி எட்டவில்லை. இடுப்புக்கு வருமுன்னே மொட்டு வைத்துவிட்டது. குறைபாடு உரத்தில் இல்லை, நாம் இருக்கும் இடத்தில். பகல் நீளமாக இருந்தால் பல சூரியகாந்தி ரகங்கள் நிதானமாக வளரும்; பகல் குறுகினால் அவசரப்பட்டுப் பூக்கும். வட நாடுகளின் கோடையில் பகல் பதினைந்து, பதினாறு மணி நேரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான். விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூ விரிந்து, இரண்டு வாரம்கூட நிலைக்காமல் செடியோடு முடிந்துவிடுகிறது. செம்பனையை நட்டால் மூன்றாம் ஆண்டு காய்த்து இருபத்தைந்து ஆண்டு நிற்கும். அம்மாவின் கணக்கில் என் செடி ஒரு விருந்தாளிகூட இல்லை.

முதல் பூ விரிந்தபோது அம்மா செய்தது நான் எதிர்பார்க்காதது. பக்கத்தில் வந்து, நடுவட்டத்தை ஆட்காட்டி விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தூளே வரலியே. இது என்னா பூ?"

சரியாகப் பிடித்துவிட்டார். நான் வாங்கியது மகரந்தம் இல்லாத கலப்பின ரகம். பூ ஜாடியில் வைத்தால் மேசைவிரிப்பில் மஞ்சள் தூள் கொட்டாது, பல நாள் வாடாது என்பதற்காகவே பூ வியாபாரம் விரும்பும் ரகங்கள் அவை. அதன் பின்னால் இருப்பதும் எண்ணெய்க் கணக்குத்தான். பிரான்சில் லெக்லெர்க் என்பவர் 1969-இல், ஒரு காட்டு இனத்தோடு கலந்து, மகரந்தம் உண்டாகாத சூரியகாந்தியைப் பெற்றார். கலப்பின விதையைப் பெருமளவில் உண்டாக்க அது வழிவிட்டது. எண்ணெய் விளைச்சலுக்கு அது பெரிய திருப்பம். பயனற்ற பூ என்று நான் பெருமை பேசிய பூவுக்கும் ஒரு கிராணி இருக்கிறார். செம்பனைக்கு அது போட்டி எண்ணெய்ப் பயிர் வேறு. 2022-இல் உக்ரேன் போரால் சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது செம்பனை எண்ணெய் விலை எப்படி ஏறியது என்பது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும்.

அழகையும் கணக்கையும் சுத்தமாகப் பிரித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடியாது போலிருக்கிறது. 1910-இல் அமெரிக்காவின் கொலராடோவில் வில்மாட் காக்கரெல் என்ற பெண்மணி சாலையோரம் செந்நிறம் ஏறிய ஒரு காட்டுச் சூரியகாந்தியைப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அலங்காரத் தோட்டங்களின் சிவப்புச் சூரியகாந்திகளுக்கு மூதாதை அதுதான். கண் முந்திக்கொண்டது, விதைக் கடை பின்னால் வந்தது. தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் நடப்பது இதற்குத் தலைகீழ். விவசாயி எண்ணெய்க்காக விதைக்கிறார். பூத்ததும் படம் பிடிக்கக் கேரளத்திலிருந்துகூட ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். வயலில் கால் வைத்தால் அவருக்கு நட்டம். அவர் கோபப்பட்டால் நான் அவர் பக்கம்தான்.

என் வீட்டு வாசல் கிழக்குப் பார்த்தது. அதன் விளைவை விதைக்கும்போது யோசிக்கவில்லை. சூரியகாந்தி சூரியனைப் பின்தொடர்வது இளம்பருவத்தில் மட்டும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக நீண்டு தலையை மேற்கே தள்ளும், இரவில் மேற்குப் பக்கம் நீண்டு மீண்டும் கிழக்கே திருப்பிவிடும். முதிர்ந்த பூ கிழக்கு நோக்கி நின்றுவிடும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சட்டியோடு மேற்கே திருப்பி வைத்த பூக்களைவிடக் கிழக்கு பார்த்த பூக்கள் காலையில் சீக்கிரம் சூடேறுவதையும், ஐந்து மடங்கு தேனீக்கள் அவற்றைத் தேடி வருவதையும் காட்டினார்கள். அது பூவின் கணக்கு. என் கணக்கில், உள்ளே உட்கார்ந்து காப்பி குடிக்கும் எனக்குத் தெரிவது பச்சை முதுகுகள். முகம் முழுக்கத் தெருவுக்கு. பள்ளி வேன் பிள்ளைகள் கையாட்டுகிறார்கள். எதிர்வீட்டு மக்சீக் தன் வாசலில் நின்றபடி, என்னைவிட நன்றாகப் பார்க்கிறார். உழைப்பு என்னுடையது, காட்சி அவர்களுடையது. இதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். துரை பங்களாவை நினைத்த பிறகு குறைந்தது. அங்கே பூவின் முகம் யார் பக்கம் இருக்க வேண்டும் என்பது நட்டவர் கையில் இல்லை. இங்கே நான் விரும்பினால் பின்கட்டில் நட்டு வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பின்கட்டு மேற்கே இருக்கிறது.

அப்படிச் செய்யப் போவதில்லை. மக்சீக் விதை கேட்டிருக்கிறார். கலப்பின ரகத்தில் விதை எடுத்துப் போட்டால் தாய்ச்செடி மாதிரியே வராது என்று சொல்லி, புதிய பொட்டலம் ஒன்று தருவதாக ஒத்துக்கொண்டேன். அம்மாவும் அடுத்த விதைப்புக்கு இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறார். தூள் உள்ள ரகமாக வாங்க வேண்டும். பாத்தியில் பாதியை வெண்டைக்கு விட வேண்டும். எந்தப் பாதி என்பதில்தான் தகராறு. வெண்டைக்கும் வெயில் வேண்டும்.