ஆண்டவரால் ஆகாத காரியமும் உண்டோ?



ஞானோபதேச வகுப்பில் பையன்கள் வழக்கமாய்க் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “சாமி, சர்வேசுரன் சர்வ வல்லவர் என்கிறீர்களே, தம்மாலேயே தூக்க முடியாத ஒரு கல்லை அவர் உண்டாக்க முடியுமா?” முடியும் என்றால் தூக்க முடியாமற் போகிறார்; முடியாது என்றால் உண்டாக்க முடியாமற் போகிறார். எப்படிப் பார்த்தாலும் சர்வ வல்லமையில் ஓட்டை விழுந்துவிட்டதென்று பையன் சிரிக்கிறான். மலைக்கோட்டையைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குக் கல்லின் ஞாபகம் வருவது சகஜந்தானே!

அவனை அதட்டி உட்கார வைக்காதீர்கள். 1274-ல் மரித்த வேதபாரகரான அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இவ்வினத்துக் கேள்விகளைப் பொறுமையாய் எடுத்து விசாரித்திருக்கிறார். சதுரமான வட்டம் என்று ஒருவன் சொன்னால் அவன் ஒரு பொருளைக் குறிப்பிடவில்லை; ஒன்றையொன்று அழிக்கிற இரண்டு சொற்களை ஒட்டவைத்திருக்கிறான், அவ்வளவே. அப்படிப்பட்டதைச் சர்வேசுரனால் செய்ய முடியாது என்பதைவிட, அது செய்யப்படக் கூடியதன்று என்பதே சரி என்பது அவர் தீர்ப்பு. எதையும் தூக்க வல்லவரால் தூக்கப்படாத கல்லும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆண்டவர் பொய் சொல்ல முடியாது, சாக முடியாது என்பதும் இப்படித்தான். பொய் சொல்ல இயலாமை பலவீனமென்று யார் சொல்வார்?

இரண்டாவது கேள்வியைப் பெரியவர்கள் கேட்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரு தப்புக்குச் சாக்குத் தேடும்போது. “நாளைக்கு நான் குடிப்பேன் என்பது ஆண்டவருக்கு அநாதியிலேயே தெரியும். அவர் அறிந்தது பொய்க்காது. அப்படியிருக்க, நான் குடிக்காமல் இருப்பது எப்படி?” சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த போயேசியுஸ் என்ற அறிஞர் 524-ஐ ஒட்டிய காலத்தில் இதை ஆராய்ந்தார். அர்ச். தோமாஸ் பிற்பாடு ஓர் உவமை சொன்னார். அதை நம் ஊருக்கேற்பச் சொல்கிறேன். மன்னார்புரம் நால்ரோட்டில் நடப்பவன் தனக்குப் பின்னே வருகிறவனைக் காணான். ஏறத்தாழ 270 அடி உயரமுள்ள மலைக்கோட்டை உச்சியில் நிற்பவனோ, கீழே தெருவில் முன்னே போகிறவனையும் பின்னே வருகிறவனையும் ஒரே பார்வையில் காண்கிறான். அவன் காண்பதனால் யாருடைய காலும் கட்டப்படுவதில்லை. நேற்று, இன்று, நாளை எல்லாம் ஆண்டவருக்கு அப்படி ஒரே நோக்கில் இருக்கின்றன.

ஆனால் உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது. மலைமேல் நிற்பவன் வெறும் பார்வையாளன்; ஆண்டவரோ பாதையையும் நடப்பவனையும் உண்டாக்கியவர். அவருடைய வரப்பிரசாதமும் மனிதனுடைய சுயாதீனமும் எப்படி இணங்குகின்றன என்று 1598 முதல் தொமினிக்கன் குருக்களும் சேசு சபைக் குருக்களும் உரோமையில் ஓயாமல் வாதாடினார்கள். 1607-ல் பாப்பானவர் ஐந்தாம் சின்னப்பர் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவரையொருவர் கண்டனம் செய்யக் கூடாதென்று மட்டும் கட்டளையிட்டு அனுப்பிவிட்டார். தீர்ப்பு இன்றுவரை வரவில்லை. திருச்சபை எல்லாக் கேள்விக்கும் சட்டைப்பையில் விடை வைத்திருக்கிறதென்று நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் சிரிப்பதில்லை. ஆண்டவர் நல்லவராயும் வல்லவராயும் இருந்தால் இது ஏன் நேர்ந்தது? கிரேக்க ஞானி எபிக்கூருஸின் பெயரால் வழங்குகிற பழைய கேள்வி இது. 2004 டிசம்பர் 26, கர்த்தர் பிறந்த திருநாளுக்கு மறுநாள், ஞாயிறு காலை, நம்மவர்க்கு அது புதுக் கேள்வியாயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. வேளாங்கண்ணிக் கரையில் மாண்டவர்களில் திருயாத்திரை வந்தவர்கள் ஏராளம்.

மனிதனுடைய சுயாதீனத்தைக் காட்டிக் கொலைக்கும் களவுக்கும் காரணம் சொல்லலாம். ஆழிப்பேரலைக்கு அது செல்லாது. சோறு சமைக்கிற நெருப்பே வீட்டையும் எரிக்கும், பூமியின் ஒழுங்கு அப்படி என்று சொல்லலாம். இது புத்திக்குக் கொஞ்சம் ஒத்துவரும். பிள்ளையைத் தேடிக் கரையில் அலைகிற தாயிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அயல் வீட்டார், “முன் ஜென்ம வினை” என்பார்கள். அதற்கும் ஒரு தர்க்கம் உண்டு. துன்பப்படுகிறவனுக்கு அநியாயம் நேரவில்லை என்று அது காட்டப் பார்க்கிறது. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவபோதக சுவாமிகளாகிய இராபர்ட் தே நொபிலி மறுபிறப்பை மறுத்துத் தமிழிலே எழுதினார். நாமும் அதை ஏற்பதில்லை. ஆகையால் சுலபமான ஒரு விடையைக் கைவிட்டு, கடினமான கேள்வியைச் சுமக்கிறவர்கள் நாம்.

ஆனால் நம்மிலும் சிலர் வினைக் கொள்கையை வேறு பெயரில் உள்ளே கொண்டுவருகிறார்கள். “கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, பார்த்தீர்களா?” என்று அதிசயமாய்ச் சொல்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் நன்றி செலுத்தட்டும், நியாயமே. ஆனால் வெளியே கரையில் மாண்டவர்கள் யார்? அதே மாதாவைத் தேடி வந்தவர்கள் அல்லவா? 1755 நவம்பர் 1, சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாளன்று, லிஸ்பன் நகரில் பூமி அதிர்ந்தபோது கோயில்கள் பூசைக்கு வந்திருந்தவர்கள்மேலேயே இடிந்தன. சுவரை வைத்து ஆண்டவருடைய தயவை அளக்கிறவர்கள் லிஸ்பனுக்கு என்ன சொல்வார்கள்?

சேசுநாதர் காலத்திலும் சிலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளல்ல என்று அவர் தெளிவாய்ச் சொன்னார். பிறவிக் குருடன் விஷயத்திலும், பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீஷர்கள் கேட்டபோது, இருவருமல்ல என்றார். பாவத்துக்குக் கூலி என்ற விடையை இரண்டு தடவையும் தள்ளினார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்கு வேறு காரணமும் அவர் கூறவில்லை.

யோபு ஆகமத்தை இவ்வாரம் வீட்டில் எடுத்து வாசியுங்கள். நண்பர் மூவரும் ஏழு பகல் ஏழு இரவு வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பேசத் தொடங்கி, சர்வேசுரனுக்காகப் பக்கம் பக்கமாய் வழக்காடினார்கள். முடிவில் சர்வேசுரன் கோபித்துக்கொண்டது எதிர்த்துக் கேட்ட யோபுவின்மேலல்ல, தமக்காகப் பேசிய அந்த மூவர்மேலே.

மாறாத ஆண்டவரிடம் மன்றாடுவதால் என்ன பயன் என்ற கேள்வியும் உண்டு. அதற்கு இங்கே இடம் போதாது. வரும் ஞாயிறு பார்ப்போம்.