கலிங்கு

மழைக்காலத்தில் பாகூர் ஏரிக்கரையில் ஒருமுறை நின்று பாருங்கள். புதுச்சேரியில், வில்லியனூர்ப் பக்கமுள்ள ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. நிரம்பினால் மிச்சம் கலிங்கு வழியே வெளியே போகும்.

'கம்ப்யூட்டர் பற்றி எழுதுவதாகச் சொன்னீரே?' என்பீர்கள். வருகிறேன்.

ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் ஒரு பட்டியலை வைக்க இரண்டு வழி. 'அர்ரே' என்பது, 500 இடம் என்று முதலிலேயே கரை கட்டிவிடுவது. மற்றது வளரும் பட்டியல். ஜாவாவில் 'அர்ரேலிஸ்ட்' என்பார்கள். வளர்வதில் மந்திரமில்லை. இடம் போதாவிட்டால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிய இடம் பார்த்து, மொத்தக் குடித்தனத்தையும் அங்கே காப்பி எடுத்துக்கொண்டு போகிறது.

சி மொழியில் அர்ரேயின் எல்லையைச் சரிபார்க்காவிட்டால், உபரி பக்கத்துத் தகவல்மேல் போய் விழும். 1988-ல் ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் விட்ட 'புழு' புகுந்த வழிகளில் ஒன்று அதுதான். 512 பைட் இடத்தில் அதற்கு மேல் ஊற்றினார். கரை உடைந்தது.

நானும் யோக்கியன் இல்லை. பல வருஷம் முன், ஒரு வெள்ள நிவாரணப் பட்டியலுக்கு ப்ரோக்ராம் எழுதியபோது ஊருக்கு 500 குடும்பம் போதும் என்று போட்டேன். 501-வது பெயரிலிருந்து சத்தமில்லாமல் விட்டுவிட்டது. விடுபட்ட ஒரு பாட்டி வந்து கேட்டாள்: "என் பேரை அடிச்சது யாருப்பா?"

யாரும் அடிக்கவில்லை. அதுதான் சங்கடம். ஒரு மத்தியானம் காபி குடித்துக்கொண்டே 500 என்று தட்டினேன், அவ்வளவுதான்.

'அப்ப எப்பவும் வளரும் பட்டியலே போடலாமே?' போடலாம். ஆனால் ஏரிக்கரையை உயர்த்தினால் மேல்பக்கத்துக்காரன் நிலம் முழுகும். இதயத்தில் பொருத்தும் பேஸ்மேக்கர் நடுவில், 'கொஞ்சம் பொறுங்க, வீடு மாத்தறேன்' என்று சொல்ல முடியுமா? அங்கெல்லாம் அளவை முன்கூட்டியே கட்டித்தான் ஆகவேண்டும்.

ஆகவே எல்லை போட்டது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. ஏரி வெட்டினவனும் எல்லை போட்டான். கூடவே கலிங்கும் கட்டினான், மிச்சத் தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்து. என் 500-க்குப் பின்னால் அந்த யோசனை இல்லை.

அன்று ராத்திரியே ப்ரோக்ராமைத் திருத்தினேன். மிஞ்சிய பெயர்கள் தனித்தாளில் அச்சாகி வந்தன. பாட்டி பெயரும் இருந்தது. ஆனால் அதற்குள் முதல் பட்டியலுக்குப் பணம் கொடுத்து முடித்திருந்தார்கள்.