மாத்திரை போட்டால் தவக்குல் குறையுமா?

சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிவாசலில் மஃரிபு முடிந்ததும் பெரியவர் ஒருவர் என்னைத் தூணோரம் அழைத்துப் போனார். "ஹஜ்ரத், ருகூவுக்குக் குனிந்தாலே சிறுநீர் அவசரம் வந்துவிடுகிறது. எப்போதாவது இரண்டு சொட்டும் போய்விடுகிறது. ஜமாஅத்துக்கு வரவே பயமாயிருக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். அல்லாஹ் கொடுத்ததைப் பொறுத்துக்கொள்ளாமல் அதைப் போடுவது தவக்குல் குறைவுதானே?" என்றார். வீட்டாரிடம்கூடச் சொல்லவில்லையாம்.

அவசரம் தோன்றுவதால் மட்டும் ஒளு முறியாது; சொட்டு வெளியானால்தான் முறியும். ஆயினும் சிறுநீரை அடக்கிப் போராடிக்கொண்டு தொழுவதை அருமை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஓயாமல் கசிபவரின் சட்டம் வேறு. ஒளுச் செய்து பர்ளை மட்டும் தொழுவதற்குக்கூட இடைவெளியின்றி ஒரு வக்து முழுதும் கழிந்தால், ஹனஃபி மத்ஹபில் அவர் மஃதூர். அதன்பின் வக்துக்கு ஓர் ஒளு போதும். ஷாஃபிஈயில் வக்து வந்தபின் கழுவி, துணி கட்டி, ஒவ்வொரு பர்ளுக்கும் ஒளுச் செய்து தாமதமின்றித் தொழ வேண்டும். நம் பெரியவர் மஃதூர் அல்லர். சொட்டினால் சுத்தம் செய்து மீண்டும் ஒளுச் செய்ய வேண்டியவர்.

நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி. ஆகவே தவக்குல் பற்றிய பயம் வீண். கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது.

இந்நோயில் சிறுநீர்ப்பை நிறையுமுன்பே அதன் தசை சுருங்குகிறது. ஆக்ஸிபியூட்டினின், ஸோலிஃபெனாஸின் போன்றவை 'சுருங்கு' என்ற நரம்பின் கட்டளையைத் தடுக்கின்றன. வாய் உலரும், மலம் கட்டும். நோன்பாளிக்கு இது சிரமந்தான். அதைவிட, முதியோருக்கு இவ்வகை மருந்து, முக்கியமாக ஆக்ஸிபியூட்டினின், மறதியும் குழப்பமும் உண்டாக்கக்கூடும். 2011இல் ஜப்பானிலும் 2012இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற மிராபெக்ரான் வேறு வழியில் தசையைத் தளர்த்துகிறது. வாய் அவ்வளவு உலராது, இரத்த அழுத்தம் ஏறலாம்.

ஒளுவைக் காக்கும் மாத்திரை, எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதையே மறக்கடித்தால்? ஒளுவில் இயலாதவருக்கு ஷரீஅத் சலுகை வைத்திருக்கிறது. புத்திக்குப் பதிலாக எதை வைப்பது? இமாம்களில் பெரும்பாலோர் சிகிச்சையைக் கடமையாக்கவுமில்லை. ஒத்துக்கொள்ளாத மாத்திரையை டாக்டரிடம் சொல்லி நிறுத்தியவர் வீட்டில் தொழட்டும். நோய் ஜமாஅத்துக்குத் தக்க காரணமே. பாயில் ஈரம் பட்டதென்று முகம் சுளித்து மாத்திரையைத் திணிக்கும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

"மறதி, பிரஷர் இரண்டையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள்" என்றேன்.

"அவளிடமா!" என்று வெட்கத்தோடு சிரித்தார்.

இப்போது அவர் கடைசி ஸஃப்பில், ஹவுளுக்குப் போகும் கதவோரம் நிற்கிறார்.