லாலியின் வழக்கில் விடுபட்டவர்கள்

தன் கை சுத்தமானது என்று மனமார அறிந்த ஒருவர், தன்னால் பிறர் பட்ட துன்பத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா என்ற கேள்வியை, பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் தளபதி தோமா ஆர்தர் லாலியின் வாழ்க்கை இன்றும் எழுப்பிக்கொண்டிருக்கிறது. 1702-இல் பிரான்சின் ரோமான் நகரில் பிறந்த அவர், அயர்லாந்துப் பிரபு குடும்பத்தின் பிள்ளை. அரியணை இழந்த ஸ்டூவர்ட் மன்னர் வம்சத்தின் பக்கம் நின்றவர்களை ஜேக்கபைட்டுகள் என்பர். அவ்வாறு நின்று நாட்டையும் நிலத்தையும் துறந்து பிரான்சில் தஞ்சம் புகுந்தவர் அவருடைய தந்தை. ஆங்கிலேயர் மீதான பகையும் போர்த்தொழிலும் மகனுக்குப் பிறவிச் சொத்தாயின. 1745-இல் ஃபோன்தனுவா போரில் அயர்லாந்துப் படைப்பிரிவொன்றை நடத்தி அவர் காட்டிய வீரத்துக்காக, பதினைந்தாம் லூயி மன்னர் போர்க்களத்திலேயே அவருக்குப் பதவி உயர்வு அளித்தார்.

இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் படைக்குத் தலைமை ஏற்க 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கியபோது, ஆங்கிலேயரை அந்தக் கடற்கரையிலிருந்து விரட்டுவதோடு, பிரெஞ்சுக் கம்பெனி அதிகாரிகளிடையே மலிந்திருந்த ஊழலை ஒழிக்கும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. சந்திப்பவரையெல்லாம் திருடர் என்று கருதும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கியது எனலாம். கடலூருக்கு அருகிலிருந்த செயின்ட் டேவிட் கோட்டை ஜூன் 2-ஆம் நாளே அவர் வசமானது. ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னாலேயே பீரங்கியையும் தளவாடங்களையும் கொண்டுசெல்ல வண்டியும் மாடும் ஆளும் போதாத நிலை இருந்தது. அவர் புதுச்சேரி நகர மக்களைச் சாதி பாராமல் வலுவில் பிடித்துச் சுமை தூக்கவைத்தார். உயர்ந்த சாதியார் சுமை தூக்க நேர்ந்ததையே பெருங்குறையாக எழுதும் வரலாற்று நூல்கள், காலமெல்லாம் சுமந்தே வந்தவர்களைக் கண்டுகொள்வதில்லை என்பதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது.

கருவூலம் காலியாக இருந்ததால், தஞ்சை மன்னர் பிரதாப சிங் முன்பு எழுதிக்கொடுத்திருந்த கடன்பத்திரத்தின் பேரில் பணம் வசூலிக்கப் படை தெற்கே நகர்ந்தது. வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடினார்கள். அங்கிருந்த அந்தணர் அறுவரை ஒற்றர் என்ற சந்தேகத்தின் பேரில் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் ஒற்றர்கள் என்பதை எந்த விசாரணையும் மெய்ப்பிக்கவில்லை. இவ்வளவு செய்தும் தஞ்சைக் கோட்டை பணியவில்லை. வெடிமருந்தும் உணவும் தீர்ந்து, ஆகஸ்டில் படை பசியோடு திரும்பியது. அதன்பின் சென்னை முற்றுகை 1759 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோல்வி. பல மாத முற்றுகைக்குப் பின், உண்ண ஏதுமின்றி, 1761 ஜனவரி 16-இல் புதுச்சேரி சரணடைந்தது.

சரணடைந்தபின் ஆங்கிலேயரின் கைதியாக லண்டனில் இருந்தபோது, தாம் துரோகி எனப் பாரிஸில் தூற்றப்படுவதைக் கேட்ட லாலி, ஆங்கிலேயரிடம் வாக்குறுதி கொடுத்து அனுமதி பெற்று, தாமாகவே பிரான்சுக்குத் திரும்பினார். அங்கே போனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் போன அந்தத் துணிவைப் போற்றாமல் இருக்க இயலாது. பஸ்தீய் சிறையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் விசாரணையே இன்றிக் கிடந்தார். பிறகு பாரிஸ் பார்லமென்ட் (அக்காலப் பிரான்சில் இது சட்டமன்றம் அன்று, உயர் நீதிமன்றம்) அவர் மன்னரின் நலன்களுக்குத் துரோகம் செய்தார் என்று தீர்ப்பளித்தது. 1766 மே 9-இல், கூட்டத்தாரிடம் ஒரு சொல்லும் பேசிவிடாதபடி வாயில் துணி அடைத்து, அவரைக் கொலைக்களத்துக்குக் கொண்டுசென்று தலையைத் துண்டித்தார்கள்.

அவர் செய்யாத குற்றம் அது. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் அவருக்காக எழுதினார். மகன் த்ரோஃபீம் ஜெரார் இளமை முழுவதையும் தந்தையின் பெயரை மீட்பதிலேயே செலவிட்டார். 1778-இல் மன்னரின் ஆலோசனை மன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. மரணப்படுக்கையில் இருந்த வோல்தேரை அச்செய்தி மகிழ்வித்தது.

எனினும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தில், லாலி மன்னருக்கு உண்மையாக இருந்தாரா என்பதே வழக்கின் மையமாக இருந்தது. அவர் பிறர் பணத்துக்கு ஆசைப்பட்டவர் அல்லர், கோழையும் அல்லர். ஆனால் அந்த நேர்மையே அவருக்குக் கேடயமாக நின்று, எதிரில் நின்றவர் முகத்தை அவர் பார்க்கவிடாமல் செய்தது. நாணயமான மனிதர் தம் நாணயத்தையே அளவுகோலாகப் பிடித்துப் பிறரை அளக்கும்போது, எதிரில் நிற்பவர் ஒன்று கள்வராகவும் இன்றேல் கருவியாகவும் மட்டுமே தெரிவார். பாரிஸில் லாலிக்கு மறுக்கப்பட்ட வாய்ப்பு, தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் வாய்ப்பு. அதையே கீழ்வேளூரில் அவர் பிறருக்கு மறுத்திருந்தார். இதனால் பாரிஸ் தீர்ப்பின் அநீதி சிறிதும் குறைவதில்லை. புதுச்சேரியில் இன்று லாலியின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது; பீரங்கி வாயில் கட்டப்பட்ட அந்த அறுவரின் பெயர்களை எந்த நீதிமன்றமும் கேட்டுப் பதிவு செய்யவில்லை.